மேசைக் காசு

தம்பிகளா,

போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் உலு யாம் பாருவில் லோ மீ சாப்பிடப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் நீங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு கைப்பேசி. நான்கிலும் பச்சைத் துணி விரித்த மேசை, உருளும் பந்து. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் உங்களில் ஒருவன்கூட மற்றவனோடு ஆடவில்லை. ஆளுக்கொரு முகம் தெரியாத எதிராளி, எந்த நாட்டுக்காரனோ. ஒருவன் மட்டும் திரையை என் பக்கம் திருப்பி, "பெரியப்பா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மோட்டாரில் வீடு திரும்பும்போதுதான், பதிலில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டோமே என்று தோன்றியது. அந்த முக்கால்வாசி இது.

பத்தாங்காலியில் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே டயர் கடை. அஞ்சடியிலிருந்து நேராக மேலே ஏறும் ஒற்றை மரப்படி. மேலே ஆறு ஸ்நூக்கர் மேசைகள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே மழையா வெயிலா, மத்தியானமா நடுச்சாமமா தெரியாது. ஒவ்வொரு மேசைக்கும் மேலே முக்காடு போட்ட நீள விளக்கு, தலைக்கு மேல் கொஞ்சம் தணிந்து தொங்கும். ஆள் வந்தால் தவுக்கே கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்த மேசையின் விளக்கைத் தட்டிவிடுவார். அது எரியும் நேரத்துக்குத்தான் காசு. மணிக்கு நாலு வெள்ளி. விளக்கு அணைந்தால், பந்து பொந்தின் வாயில் நின்றாலும் ஆட்டம் முடிந்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு இன்ஜின் நிற்கும். லயத்து பல்புகள் ஒரு தடவை சிவந்து மங்கிச் சாகும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு, இல்லையென்றால் தூக்கம். வெளிச்சம் என்பது துரை கொடுத்தால் உண்டு, நிறுத்தினால் இல்லை. அப்படி வளர்ந்தவன், நாலு வெள்ளியை நீட்டினால் ஒரு மணி நேர வெளிச்சம் எனக்கே எனக்கு என்றால் கிறங்கிப் போகமாட்டானா? எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த நாலு வெள்ளி, விடியற்காலையில் பிரட்டுக்குப் போய் மத்தியானம் வரை வெட்டி, பாலைத் தூக்கி ஸ்டோரில் ஊற்றிவிட்டு வரும் என் அப்பாவின் நாள்கூலியில் ஏறக்குறைய பாதி.

அது 1985. நாட்டின் பொருளாதாரமே சுருங்கிய வருஷம். அக்டோபரில் உலக ஈயச் சந்தை கவிழ்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஈயக்கப்பல்களில் வேலை செய்த பையன்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதே காலத்தில் நம் ஊர்களில் ஸ்நூக்கர் பைத்தியம் பிடித்தது. வேலை இல்லாத கையும் மேசையும் எப்படி ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆறு மேசைக்கு முப்பது பேர் காத்திருப்போம்.

நல்ல இடம் என்று சொல்ல வரவில்லை. சிகரெட் புகையில் கண் எரியும். ஒரு தடவை கியூ தடியை முட்டியில் முறித்து, முறிந்த முனையோடு ஒருவன் இன்னொருவனைப் படியில் துரத்தினான். பெண்பிள்ளைகள் யாரும் ஏறமாட்டார்கள். என் தங்கை அந்த அஞ்சடி வழியே நடக்காமல் சடக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவாள். அவள் செய்தது சரி. இந்தக் காலத்தில் பழைய இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் புகையைக்கூடச் சாம்பிராணி ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை.

ஆனால் அங்கே மார்க்கர் தாத்தா இருந்தார்.

எழுபதைத் தொட்டவர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். சின்ன வயதில் துரைமார் கிளப் ஒன்றில் மார்க்கர் வேலை. மார்க்கர் என்றால் புள்ளிப்பலகையில் எண்ணைத் தள்ளுகிறவர், விழுந்த பந்தை எடுத்து அதனிடத்தில் வைக்கிறவர், தடிக்குத் தோல்முனை ஒட்டுகிறவர். ஜோடி கிடைக்காத துரைக்கு எதிராக ஆடவும் வேண்டும். ஆடி, ரொம்ப அவமானம் இல்லாத அளவுக்குத் தோற்கவும் வேண்டும். "ஜெயிக்கிறது சுலபம்டா. மூணு புள்ளியில தோக்குறதுதான் கஷ்டம்" என்பார். அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

ஸ்நூக்கர் என்ற பெயருக்கு அவர் சொன்ன கதையை வெகுகாலம் நான் நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தால் உண்மைதான். 1875இல் ஜபல்பூர் பட்டாளத்து விடுதியில், மழை நாட்களில் பொழுது போகாமல், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய ஆட்டத்தில் கலர் பந்துகளைச் சேர்த்து இதை உண்டாக்கினார். பட்டாளப் பள்ளியில் முதல் வருஷம் சேர்ந்த கற்றுக்குட்டியை அவர்கள் பேச்சு வழக்கில் 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்வார்கள். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருவரை அப்படிக் கூப்பிட, நாமெல்லாருமே இந்த ஆட்டத்தில் ஸ்நூக்கர்கள்தான் என்று பேச்சு ஓடி, பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு நம் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி மாட்டினார்கள், 1882இல். ஆக, ஆட்டத்தின் பெயரே 'கற்றுக்குட்டி'. விதிகள் பிறந்தது நீலகிரியில். அதைச் சிலாங்கூர் தோட்டத்தில் துரைக்குத் தோற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு தமிழர்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலை பெஞ்சில் தினமும் வந்து உட்காரும் ஒரு சீனக் கிழவர். ஆடமாட்டார். ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பந்துகளைப் பார்ப்பார், போய்விடுவார். "ஏன் தாத்தா, இவர் பேசவே மாட்டாரா?" என்று கேட்டேன். "இந்த ஊர்ல வயசானவங்க ஏன் பேசலைன்னு கேக்காத" என்றார் மார்க்கர். 1948 டிசம்பர் 12ஆம் தேதி பத்தாங்காலிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தார் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக்கொன்ற கதையை நான் முழுதாகத் தெரிந்துகொண்டது அதற்கு ரொம்ப நாள் கழித்து. அந்தக் கிழவருக்கும் அதற்கும் தொடர்பு உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காருவேன். இரண்டு பேரும் பந்தைப் பார்ப்போம். ஒருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்வது எப்படி என்று அங்கேதான் பழகினேன்.

இனி என் கதை.

தீபாவளிக்குப் பிந்தின மாதம். மளிகைக்கடைக் கடனைக் கட்டிவிட்டு வா என்று அம்மா அறுபது வெள்ளி கொடுத்தனுப்பினார். கடை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும், ஆறு மணிக்கும் திறந்திருக்கும், அவசரம் இல்லை என்று நினைத்துப் படியேறினேன். மேலே பத்தாங் பெர்ஜுந்தைப் பையன் ஒருவன், ஈயக்கப்பலில் வேலை போனவன், ஜோடிக்குக் காத்திருந்தான். ஃபிரேமுக்குப் பத்து வெள்ளி பந்தயம்.

இரண்டாவது ஃபிரேமில், நீலப் பந்துக்காக நான் மேசை மேல் சாய்ந்தபோது என் சட்டைக் கை ஒரு சிவப்பில் பட்டது. பந்து அசைந்தது, ஒரு பயறு அளவுக்கு. தப்பு. எதிராளிக்கு ஐந்து புள்ளி போக வேண்டும். அவன் அப்போது தடிக்குச் சாக் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லவில்லை. மார்க்கர் தாத்தா புள்ளிப்பலகை பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பார்த்தாரா? நான் நிமிரவில்லை. நீலத்தைப் போட்டேன். அப்படியும் அந்த ஃபிரேமில் தோற்றேன்.

நான்காவது ஃபிரேமில் அவன் கறுப்புக்குக் குனிந்தான். அடிக்கவில்லை. நிமிர்ந்தான். "பட்டுருச்சு" என்றான். என்ன பட்டது, எங்கே பட்டது, நான் பார்க்கவே இல்லை. அவனாகவே வெள்ளைப் பந்தை விட்டு விலகிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். மார்க்கர் என் கணக்கில் ஏழு புள்ளியைத் தள்ளினார். தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஃபிரேமிலும் அவன்தான் ஜெயித்தான்.

ஆறு ஃபிரேம், அறுபது வெள்ளி. விளக்கு மூன்று மணி நேரம் எரிந்திருந்தது. தோற்றவன் மேசைக் காசு கட்ட வேண்டும், அது எல்லாக் கடையிலும் எழுதாத சட்டம். பன்னிரண்டு வெள்ளி. என் பையில் பஸ்ஸுக்கு வைத்த சில்லறை மட்டும். ஜெயித்தவன் தான் கட்டுவதாகச் சொன்னான், நல்ல பையன். மார்க்கர் தாத்தா தடுத்துவிட்டார். "நீ கட்டுனா இவனுக்கு இன்னிக்கு நடந்தது நாளைக்கே மறந்துரும்" என்றார். தவுக்கேயிடம் சீனத்தில் ஏதோ பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வா. நாளுக்கு ஒரு மேசை துடைக்கணும். மேசைக்கு ஒரு வெள்ளி. பன்னெண்டு நாள்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்த அறுபது வெள்ளியை என்கிட்ட கேக்காத. அதை வீட்ல சொல்லு" என்றார்.

வீட்டில் சொன்னேன். அம்மா அடிப்பார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். சோறு போட்டார். மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனார். கடையில் ஏழெட்டுப் பேர். அத்தனை பேர் முன்னாலும், குரலைத் தாழ்த்தாமல், "கொடுத்தனுப்புன காசை மவன் ஆடித் தோத்துட்டான். அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடுறேன்" என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் 555 நோட்டைப் பிரித்துப் பழைய கணக்கின் கீழே ஒரு கோடு போட்டார். அந்தப் பென்சில் காகிதத்தில் கீறிய சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு பந்தயம் வைத்து ஆடியதில்லை. பெரிய வைராக்கியமெல்லாம் இல்லை. ஆட நினைக்கும்போதெல்லாம் அந்தக் கீறல் குறுக்கே வந்தது.

பன்னிரண்டு நாள் மேசை துடைத்தேன். மேசைத் துணிக்கு மயிர்வாக்கு உண்டு, பூனை முதுகு மாதிரி. வெள்ளைப் பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் முனை வரை ஒரே வாக்கில் பிரஷை இழுக்க வேண்டும். எதிர்வாக்கில் இழுத்தால் துணி பொங்கும். மெதுவாக வரும் பந்து கோணிக்கொண்டு ஓடும். நான் முதல்நாள் அவசரத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். தாத்தா பிரஷை வாங்கி, என் கையைப் பிடித்துத் துணி மேல் வைத்தார். ஒரு பக்கம் தடவினால் பட்டு. மறுபக்கம் தடவினால் உள்ளங்கையில் சொரசொரப்பு. "ஒங்கப்பன் மரம் வெட்டுறப்ப பட்டையோட போக்கைப் பாக்குறானா இல்லையா? இதுவும் அதுதான்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் அப்பாவின் கையை நான் கவனித்துப் பார்த்தேன். உளி இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும். நூல் கனத்துக்குப் பட்டை சுருண்டு விழும். ஒரு முடி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு கட்டிவிடும். இருபத்து மூன்று வருஷம் அவரோடு இருந்தும் அதை ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒரு மேசைக்குப் புதுத் துணி மாற்றினார்கள். ஓரத்துத் துணியை உரித்தபோது உள்ளே முக்கோணமாக ஒரு நீளப் பட்டை. தொட்டேன். ரப்பர். மேசையின் நான்கு பக்கத்துக் குஷனும் ரப்பர்தான். அதில் பட்டுத்தான் பந்து திரும்பி வருகிறது. லண்டனில் தர்ஸ்டன் என்ற மேசைக்காரர் 1830களிலேயே ரப்பரை வைத்துப் பார்த்தாராம். குளிர்காலத்தில் அது கல்லாக இறுகிவிட, கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வித்தை வந்த பிறகு, 1840களில்தான் கைகூடியது. அன்றைக்கு அது அமேசான் காட்டுப் பால். ஜபல்பூரில் ஸ்நூக்கர் பிறந்ததற்கு அடுத்த வருஷம், 1876இல், விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 மறு வருஷம் சிங்கப்பூருக்கு வந்தன. மிச்சம் நம் குடும்பங்களின் கதை. தாத்தா அந்தப் பட்டையை விரலால் அமுக்கி, "நம்ம பாலுதான்" என்றார். எந்த நாட்டுப் பாலோ, யார் கண்டது. அவர் அப்படி நம்ப விரும்பினார், நானும் மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் யாரோ கோலாலம்பூரிலிருந்து ஒரு வீடியோ நாடா கொண்டுவந்தார்கள். 1985 உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். முப்பத்தைந்தாவது ஃபிரேம், கடைசிப் பந்து கறுப்பு. அதைப் போட்டவன் உலகச் சாம்பியன். டென்னிஸ் டெய்லர் போட்டார். ஸ்டீவ் டேவிஸ் 18-17இல் தோற்றார். அந்த ஒரு ஃபிரேம் மட்டும் 68 நிமிஷம். நாங்கள் எல்லாரும் டெய்லர் தடியைத் தலைக்கு மேல் தூக்குவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். மார்க்கர் தாத்தா நாடாவைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னார். "அவனைப் பாக்காதீங்கடா. நாற்காலியில உக்காந்திருக்கானே, அவனைப் பாருங்க."

இந்த ஆட்டத்தில் பாதி நேரம் ஆட்டக்காரனுக்கு வேலையே இல்லை. எதிராளி மேசையில் இருக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து, தன் தோல்வி கட்டப்படுவதை ஒவ்வொரு பந்தாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து போகக் கூடாது. அடுத்தவன் குனியும்போது கண்ணில் படும்படி அசையக் கூடாது. டேவிஸ் 1986 இறுதியிலும் ஜோ ஜான்சனிடம் தோற்றார். இரண்டு வருஷம் உலகமே பார்க்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு 1987, 1988, 1989 மூன்று வருஷமும் அவர்தான் சாம்பியன். 1987இல் அவர் ஜெயித்த செய்தி வந்தபோது தாத்தா அதைக் கேட்க இல்லை. அவர் போன பிறகு புள்ளிப்பலகைக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அவரவர் எண்ணை அவரவரே தள்ளிக்கொண்டோம். சண்டையும் கூடியது.

இப்போது உங்களிடம் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தோற்பதை யார் பார்க்கிறார்கள்? அந்த லோ மீ கடையில் உங்களில் ஒருவன் தோற்றான். எனக்குத் தெரியும், கட்டைவிரல் ஒரு நொடி நின்றது, முகத்தில் ஒன்று ஓடியது. பக்கத்தில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. மறுபடி பொத்தானை அமுக்கினான், புது ஆட்டம். பந்து ஆட்டத்தில் அது பரவாயில்லை. ஆனால் கைப்பேசியில் சூதாடி மாதச் சம்பளத்தை விட்டவனும் அப்படித்தான் விடுகிறான், போர்வைக்குள். ஆலோங்கிடம் கடன் வாங்குவதும் கைப்பேசியில்தான். கம்போடியாவில் நல்ல சம்பளத்து வேலை என்று நம்பிப் போய்ப் பூட்டிய கட்டிடங்களில் மாட்டிக்கொண்ட நம் நாட்டுப் பையன்களின் செய்தியை 2022இல் நீங்களும் படித்திருப்பீர்கள். கடன் சிறிதாக இருந்தபோது யாராவது ஒருவர் 555 நோட்டைப் பிரித்து, நாலு பேர் முன்னால் ஒரு கோடு கீறியிருந்தால், அவர்களில் சிலராவது விமானம் ஏறியிருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தோற்றபோது மேலே முப்பது பேர் பார்த்தார்கள், மளிகைக்கடையில் ஏழெட்டுப் பேர். அந்தக் கூச்சம் எனக்குக் கிடைத்த சீதனம். அதைத் தருகிற இடத்தை உங்களுக்கு நாங்கள் யாரும் விட்டுவைக்கவில்லை. அது எங்கள் குற்றம்.

1998இல், ரிங்கிட் விழுந்ததற்கு மறு வருஷம், கடை மூடியது. மேசைகளைக் கழற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். துணியை உரித்தால் அடியில் கற்பலகை, ஒரு மேசைக்கு ஐந்து துண்டு. ஒவ்வொன்றையும் நாலு பேர் சேர்ந்து அந்தக் குறுகல் படியில் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். ஜன்னலில் கறுப்புத் தாளைக் கிழித்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அந்த அறை அவ்வளவு சின்னதாக இருந்தது. குஷன் ரப்பர் மூலையில் குப்பையாகக் கிடந்தது. ஒரு சாண் துண்டு வெட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அப்பா அப்போது வேலையை விட்டிருந்தார். தோட்டத்தில் பாதி செம்பனையாகி, லயத்தைக் காலி செய்து, நாங்கள் மலிவு வீட்டுக்கு வந்திருந்தோம். துண்டை அவர் கையில் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. கட்டைவிரல் நகத்தால் அமுக்கிப் பார்த்தார். விட்டால் நகத்தடம் மறைகிறதா என்று பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பழைய பாலு," என்றார். "ஆனா நல்ல பாலு."

பிறகு அதைத் திருப்பிக் கொடுத்து, "அந்தப் பின்கதவுக்கு அடியில வைய்யிடா. ராத்திரி காத்துக்கு அடிச்சிக்கிட்டே இருக்கு" என்றார்.

அப்பா இல்லை. கதவை இரண்டு தடவை மாற்றியாயிற்று. துண்டு அங்கேயேதான் இருக்கிறது.